பதினோராம் நம்பர் சட்டை

கடத்தூர்,
12-10-1969

அன்புள்ள கண்ணம்மாளுக்கு,

ஷகிலா எழுதுவது. இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகிற கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டார் கிளப்புக்காக ஒரு கோலைக்கூடக் கூட்டிச் சொல்லமாட்டேன். உங்கள் பாரத் கிளப் போட்ட கோலில் ஒன்றையும் குறைக்கமாட்டேன். நீயும் அப்படியே எழுத வேண்டும்.

நீ நல்லம்பள்ளிக்குக் குடிபோய் நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள், "உதவாத ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டி வருவதற்கு ஒரு கோப்பை வைத்தால் அது கடத்தூருக்குத்தான்" என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் முனிராஜ் அங்கே கேப்டன் ஆனதும் உனக்கு வாய் நீண்டுவிட்டது. போன பொங்கலில் நீயும் நானும் ஒரே மாட்டுவண்டியில் நின்று கடத்தூருக்காகக் கத்தினோம் என்பதை மறந்துவிட்டாயா?

சரி, மறைக்க ஒன்றுமில்லை. தர்மபுரி பொங்கல் கால்பந்துக் கோப்பையில் ஓர் அணிக்குப் பத்துப் பேர் சொந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். ஒரே ஒருவர் வெளியூர் ஆளாக இருக்கலாம். எங்கள் கிளப்பின் செயலாளரும் என் அப்பாதான், தையற்காரரும் என் அப்பாதான். வெளியூர் ஆள் வந்து சேருவதற்கு முன்பே கடிதத்தில் அளவு கேட்டு வாங்கி, பதினோராம் நம்பர் சட்டையைத் தைத்து முடித்துவிடுவார். அதனால் எங்கள் தோல்விகள் எல்லாம் எங்கள் கடையிலேயே இருக்கின்றன.

அறுபத்தெட்டாம் வருஷத்துப் பொங்கலுக்கு நடந்தது உனக்கும் தெரியும். பெங்களூர்க் கம்பெனி அணி ஒன்றின் படம் பத்திரிகையில் வந்தது. கிளப் தலைவர் ரைஸ்மில் தாவூது மாமா அதைப் பார்த்து, "நடுவுல கப்ப மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு, அவந்தான் நெம்பர் ஒன்னு ஆட்டக்காரன். அந்த ஆளயே வரச்சொல்லு" என்றார். "படத்தின் நடுவில் வீற்றிருக்கும் வீரர் அவர்களுக்கு" என்று அப்பா சொல்லச் சொல்ல, எட்டாம் வகுப்புப் படித்த நான்தான் எழுதினேன். கோட்டும் குடையுமாக ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கினார். பெயர் கேசவமூர்த்தி. அந்தக் கம்பெனியின் தலைமை குமாஸ்தா. எந்தப் படம் எடுத்தாலும் நடுவில் அவர்தான் உட்காருவாராம். தன்னை வீரர் என்று அதற்கு முன்பு யாரும் அழைத்ததில்லை, அதனால் வந்துவிட்டதாகச் சொன்னார். பெயர் பதிவாகிவிட்டது, மாற்ற வழியில்லை. இருபது நிமிடம் ஆடினார். பந்து அவர் பக்கம் வந்தபோதெல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். பிறகு நாற்காலி கேட்டார். நாற்பத்துநான்கு அங்குல மார்புள்ள அந்தச் சட்டை இப்போது எங்கள் தையல் மிஷினுக்கு உறை.

இந்த வருஷம் வந்த சேலத்துக் கோல்கீப்பர் அந்தோணி நல்ல ஆட்டக்காரர்தான். தவறு அப்பா செய்தது. வெள்ளை சாட்டினில் தைத்துக் கொடுத்து, "தம்பி, துணி ரொம்ப ஒசத்தி. பாத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அந்த நல்ல மனிதர் ஆட்டம் முழுக்கத் தரையில் ஒருமுறைகூட விழவில்லை. ஐந்து கோல். சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை.

இப்போது உங்கள் கதையை எழுது.

இப்படிக்கு,
ஷகிலா


நல்லம்பள்ளி,
21-10-69

ஷகிலாவுக்கு,

உன்னை மாதிரி பாடப்புத்தகம்போல எனக்கு எழுத வராது. ஆனால் உன் கடிதத்தை அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாட்டின் சட்டை கதைக்குச் சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

எங்கள் கதை கேட்கிறாயே, சொல்கிறேன். நான் வருவதற்கு முந்தியது, இங்கே குள்ளம்மாள் அக்கா சொன்னது. கோலாரிலிருந்து வீராசாமி என்று ஒருத்தரைக் கூட்டி வந்தார்களாம். மத்தியானம் களியும் கோழிக்குழம்பும் போட்டிருக்கிறார்கள். "இன்னொரு உருண்டை போடுங்கம்மா, கோலார்ல இந்த ருசி கெடயாது" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாராம். முதல் பாதி முடிந்ததும் புளியமரத்தடியில் படுத்தவர்தான். தண்ணீர் தெளித்தும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் பாதி பத்துப் பேர்தான் ஆடினார்கள்.

இந்த வருஷம் அதற்கும் மேலே. ராயக்கோட்டைத் திருவிழாப் பந்தயத்தில் நாலு கோல் அடித்தார் என்று ஆண்டி என்பவரை என் அண்ணனே நேரில் பார்த்துக் கூட்டி வந்தார். புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் தோட்டத்துக் கொட்டகையில்தான் தங்கியிருக்கிறார். அவருக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, முள்ளுக்காட்டில் நடக்கிறவர்போல நடக்கிறார். மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். ஒரு கோல் இல்லை. பந்தை உதைக்கிறேன் என்று தரையை உதைத்து மல்லாந்து விழுந்தார். இப்போது அவருக்குத் தண்ணீர்க் குடம் தூக்கும் வேலை. "ஆண்டி, உன் காலுக்கு பந்தத் தெரியுமா, பந்துக்கு உன் காலத் தெரியுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர் சிரித்துக்கொள்கிறார்.

உன் குடைக்காரரா, எங்கள் குடக்காரரா? தீர்ப்பு சொல்.

கண்ணம்மா

இன்னொன்று: பந்துக்குக் காத்தடிக்கும் பம்பை யார் வீட்டில் வைப்பது என்று சண்டை வந்து, கிளப் பொருளாளரும் துணைக் கேப்டனும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் பம்பை வைத்திருக்கிறார், இன்னொருவர் அதன் ஊசியை வைத்திருக்கிறார்.


கடத்தூர்,
3-11-1969

அன்புள்ள கண்ணம்மாளுக்கு,

தீர்ப்பை இப்போது சொல்லமாட்டேன். பம்பும் ஊசியும் பற்றி அப்பாவிடம் சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

அவர் சிரிக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. போன வெள்ளிக்கிழமை கிளப் கூட்டம் எங்கள் கடையில் நடந்தது. நான் பின்னால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தாவூது மாமா எழுந்து அப்பாவைப் பார்த்து, "கவுஸு, ரெண்டு தடவ உன் பேச்சக் கேட்டு ஆள் வந்தாச்சு. மூணாவது ஆளும் சொதப்புனா நீயே ஒதுங்கிக்க. செக்ரட்டரி வேலைய வேற ஆள் பாக்கட்டும். சட்டையயும் சேலத்துல ரெடிமேடா வாங்கிக்கலாம்" என்றார். அந்தப் படத்தைக் காட்டி ஆளைக் கேட்டது அவரேதான். அதை அப்பா சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டார். அம்மா பிரித்துக் கொடுத்தார். கிளப்பில் அப்பா பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார், கண்ணம்மா. ஆடத் தெரியாது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால். ஆனால் பதினொரு பேரும் அவர் தைத்த சட்டையில் ஓடும்போது, தானும் ஓடுகிறவர்போல அவருக்கு மூச்சு வாங்கும். நீ பார்த்திருக்கிறாய்.

அந்த ஆண்டி பூட்ஸ் போடுவதற்கு முன்பு எப்படி ஆடினார்? ராயக்கோட்டையில் வெறுங்காலில்தான் ஆடினாரா? பயிற்சி முடிந்த பிறகு என்ன செய்கிறார்? சும்மாதான் கேட்கிறேன்.

ஷகிலா


நல்லம்பள்ளி,
12-11-69

ஷகிலாவுக்கு,

உன் அப்பாவைப் பற்றிப் படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. தாவூது மாமாவை என் சார்பில் ஒருமுறை முறைத்துவிடு.

ஆண்டியைப் பற்றி இவ்வளவு கேள்வியா? ஆமாம், வெறுங்காலில்தான் ஆடினாராம். எல்லோரும் போன பிறகு பூட்ஸைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டிவிட்டு, எங்கள் பக்கத்துப் பொடிசுகளோடு ஆடுகிறார். எங்கள் மோட்டார் ரூமுக்குத் தகரக் கதவு இருக்கிறது. அதன் மேல் மூலையில் ஓர் ஆணி, கீழ் மூலையில் ஓர் ஆணி. நாற்பது அடி தூரத்தில் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார். பொடிசுகள் "மேல் ஆணி!" என்று கத்தினால் மேல் ஆணியில் அடிப்பார். "கீழ் ஆணி!" என்றால் கீழே. டங்கு டங்கு என்று சத்தம் வயல் முழுக்கக் கேட்கும். தவறினதை நான் பார்த்ததில்லை. அப்பாதான் வரப்பிலிருந்து, "டேய், தகரம் ஓட்டையாப் போவுதுடா! எல்லாம் வூட்டப் பாத்துப் போங்கடா!" என்று விரட்டுவார்.

அப்படியானால் ஏன் வெறுங்காலோடு ஆடவிடவில்லை என்று நானும் அண்ணனைக் கேட்டேன். "தர்மபுரி கப்புக்கு பூட்ஸ் கட்டாயம். வெறுங்காலோட போனா கோட்டத் தாண்டி உள்ளயே வுடமாட்டாங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் தெரியும் என்றார்.

காலாண்டுப் பரீட்சையில் எனக்குக் கணக்கில் முப்பத்தாறு. நீ சொல்லாதே, உன்னுடையது எவ்வளவு என்று எனக்கே தெரியும்.

கண்ணம்மா


நல்லம்பள்ளி,
8-12-69

ஷகிலா,

நேற்று உன் அப்பாவும் தாவூது மாமாவும் பஸ்ஸில் இங்கே வந்தார்கள். அம்மா மோர் கொடுத்தார். நோன்பு என்று சொல்லி இரண்டு பேரும் குடிக்கவில்லை. ஆண்டியை ஸ்டார் கிளப்புக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்கள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க பாய். அந்தத் தண்ணிக் கொடத்தயும் சேத்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லி, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆண்டி துணிமூட்டையை எடுத்துக்கொண்டு உன் அப்பா பின்னால் போனார். பூட்ஸைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டார்.

அவர்கள் போன பிறகுதான் யோசித்தேன். ஆண்டி என்று ஒருத்தர் இருப்பது உன் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நான் உனக்கு மட்டும்தானே எழுதினேன்?

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று சொன்னவளே, எழுது.

கண்ணம்மாள்


கடத்தூர்,
15-12-1969

அன்புள்ள கண்ணம்மாளுக்கு,

பெருநாள் முடிந்துவிட்டது. துணி தைக்கிற அவசரத்தில் பதில் எழுத நேரமில்லை என்று எழுதலாம். அது பொய். எழுதப் பயமாக இருந்தது.

நான்தான் சொன்னேன். ஆண்டியைப் பற்றி நீ எழுதிய முதல் கடிதத்தைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. நாலு கோல் அடித்த கால் ஒரு மாதத்தில் எப்படிப் பந்தை மறக்கும்? "சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதினேன் அல்லவா, அந்த வரி சும்மா இல்லை. உன் பதில் வந்ததும் மூன்று தடவை படித்தேன். பிறகு அப்பாவிடம், "ஒருத்தர் இருக்கிறார்" என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்விப்பட்டேன் என்றேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. அவரிடமும் பாதியை மறைத்தேன், உன்னிடமும் பாதியை மறைத்தேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் கோப்பைக்கு விண்ணப்பத்தோடு ஒரு விதிப் புத்தகம் அனுப்புவார்கள். அதை யாரும் படிப்பதில்லை. எங்கள் கடையில் அது கோடு போடும் சாக்கட்டிக்குக் கீழே கிடந்தது. நான் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ஏழாவது விதி: "ஆட்டக்காரர்கள் பூட்ஸ் அணிந்தோ, கணுக்காலில் துணிக்கட்டு கட்டிய வெறுங்காலுடனோ ஆடலாம்." எல்லோருக்கும் தெரிந்த விஷயம் புத்தகத்தில் இல்லவே இல்லை, கண்ணம்மா.

ஆகவே ஆண்டி அண்ணன் வெறுங்காலில் ஆடப்போகிறார். இறுதி ஆட்டம் வரை அவரை இறக்காமல் வைத்திருப்பது என்று அப்பா நினைக்கிறார். இது எங்கள் கிளப்பில் நான்கு பேருக்குத்தான் தெரியும். நீ ஐந்தாவது. இதை உன் அண்ணனிடம் சொன்னால் அவர் இரண்டு பேரை ஆண்டி அண்ணனோடு ஒட்டிக்கொண்டே ஓடவிடுவார். எங்கள் கதை அதோடு முடிந்தது, அப்பாவின் செயலாளர் வேலையும் முடிந்தது. தெரிந்துதான் எழுதுகிறேன். உன் கடிதத்திலிருந்து எடுத்ததை உனக்கே ஒளித்துவைத்து ஜெயித்தால் அந்தக் கோப்பையை என்னால் தொடமுடியாது.

சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

ஷகிலா


கடத்தூர்,
19-1-1970

அன்புள்ள கண்ணம்மாளுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நேற்றைய ஆட்டத்தை நீயும் பார்த்தாய். ஆனால் எங்கள் வண்டியிலிருந்து பார்த்தால் எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது.

அரையிறுதியில் அதியமான்கோட்டையை ஒரே ஒரு கோலில் தப்பித்து வென்றோம். ஆண்டி அண்ணன் செருப்புப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "வெளியூர் ஆள உக்கார வைக்கவே கூட்டியாந்தீங்களா?" என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

நேற்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் போனார். பதினோராம் நம்பர் சட்டை. முதன்முறையாக ஆளை நிற்க வைத்து, நாடா பிடித்து அளவெடுத்துத் தைத்த சட்டை. மீதித் துணியில் அப்பா கணுக்கால் கட்டு தைத்திருந்தார். முனிராஜ் அண்ணன் அவர் காலைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன பாய், ஒரு பூட்ஸ் வாங்கித் தர வழியில்லயா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, நீ சொல்லவில்லை என்று. கூட்டத்தில் உன்னைத் தேடினேன். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு முனிராஜ் அண்ணன் நடுவரிடம் போய் வெறுங்கால் செல்லாது என்றார். அப்பா காலை இழுத்து இழுத்து மைதானத்தின் நடு வரைக்கும் நடந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி அவர் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். நான் மடித்து வைத்த பக்கம். நடுவர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு விசிலை ஊதினார்.

முதல் பாதியில் உங்களுக்கு ஒரு கோல், உன் அண்ணன் தலையால் போட்டது. அழகான கோல். உள்ளதைச் சொல்கிறேன். தாவூது மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கணுக்கால் கட்டின் மீதித் துணியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில் ஆண்டி அண்ணனுக்கு முதல் தடவையாகப் பந்து நன்றாகக் கிடைத்தது. மூன்று பேரைத் தாண்டினார் என்று எழுத ஆசை. தாண்டியது ஒருவரைத்தான். கீழ் மூலையில் அடித்தார். உங்கள் கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பதற்குள் வலை ஆடியது.

கடைசி ஐந்து நிமிடம். கோலுக்கு நேராக எங்களுக்கு ஃப்ரீ கிக். அப்போது உங்கள் வண்டியிலிருந்த பொடிசுகள், எந்த ஊருக்காக வந்திருக்கிறோம் என்பதையே மறந்து, "மேல் ஆணி!" என்று கத்தின. ஆண்டி அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு மேல் ஆணியில் அடித்தார்.

இரண்டுக்கு ஒன்று! கண்ணம்மா, நாங்கள் ஜெயித்துவிட்டோம்! தாவூது மாமா அப்பாவை அப்படியே தூக்கிவிட்டார். "செக்ரட்டரின்னா இவன்டா! இவன வுட்டா நமக்கு யாருடா இருக்கா?" என்று அவரே கத்தினார். ரெடிமேட் சட்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடத்தூர் வரைக்கும் லாரியில் பாடிக்கொண்டே வந்தோம். இன்று எனக்குக் குரலே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் உன் கடிதங்களைக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு நாம என்னத்தத் தெச்சுக் குடுக்கறது?" என்று கேட்டார். உன் அளவை எழுது.

ஒரே ஒரு கேள்வி. "மேல் ஆணி" என்று பொடிசுகள் கத்தியபோது உன் வாயும் அசைந்ததைப் பார்த்தேன். பொய்யென்றால் மறுத்து எழுது.

ஷகிலா


நல்லம்பள்ளி,
23-1-70

ஷகிலாவுக்கு,

மறுக்கவில்லை. நானும்தான் கத்தினேன். அண்ணனிடம் சொல்லித் தொலைக்காதே.

உன் டிசம்பர் கடிதம் வந்த அன்று அண்ணனிடம் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். கோபம் அப்படி. கொட்டகை வழியாகப் போனேன். அந்தப் பூட்ஸ் மாட்டியபடியே இருந்தது. எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். குதிகால் இடத்தில் ரத்தம் காய்ந்து கருப்பாக இருந்தது. இரண்டு மாதம் அதோடு நடந்திருக்கிறார். நான் அதைப் பார்த்துச் சிரித்து, உனக்கும் எழுதி உன்னையும் சிரிக்க வைத்தேன். நீ சிரிக்கவில்லை, கேள்வி கேட்டாய். திரும்பி வந்துவிட்டேன். உனக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று பெருமைப்படாதே. அவருக்காக.

அண்ணன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் தானாகவே சிரித்துவிட்டார். இப்போது ஊரில் புதுப் பேச்சு என்ன தெரியுமா? ஆடத் தெரியாத ஆளைக் கூட்டி வந்த கேப்டன் எத்தனையோ பேர், ஆடத் தெரிந்த ஆளைக் கையெழுத்துப் போட்டுத் தாரை வார்த்த கேப்டன் முனிராஜ் ஒருத்தர்தான் என்று. குடைக்காரரா குடக்காரரா என்று நான் கேட்டதற்கு நீ இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை. நானே சொல்கிறேன்: முதல் பரிசு என் அண்ணனுக்கு.

ஒரு நல்ல செய்தி. பம்பும் ஊசியும் ஒன்று சேர்ந்துவிட்டன. தோற்ற துக்கத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இருபத்தாறாம் தேதி உங்கள் விருந்துக்கு அண்ணனை அழைத்திருக்கிறார்களாமே, வருகிறார். என்னை விடமாட்டேன் என்கிறார்கள், நெல் அறுப்பு. அங்கே நடப்பதை ஒன்றுவிடாமல் எழுது. பாவாடை அளவு தனிக் காகிதத்தில் வைத்திருக்கிறேன். பச்சை நிறம். சாட்டின் வேண்டாம்.

கண்ணம்மா


கடத்தூர்,
26-1-1970

அன்புள்ள கண்ணம்மாளுக்கு,

விருந்து முடிந்தது. தாவூது மாமாவின் ரைஸ்மில் கொட்டகையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, முழங்காலில் அட்டை வைத்து இதை எழுதுகிறேன்.

உன் அண்ணன் வந்தார். வாசலிலேயே தாவூது மாமா, "வாப்பா முனிராஜு! தண்ணிக் கொடம் எங்க? அதயும் சேத்துத் தர்றன்னு சொன்னியே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணன் சிரிக்காமல் வெளியே போய், வண்டியிலிருந்து நிஜமாகவே ஒரு குடத்தைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். அதன் பிறகு சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. அவர் ஆண்டி அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கடைசியில் ஆண்டி அண்ணன், "வுடுங்க, காலு ஆறிப்போச்சு" என்றது மட்டும் காதில் விழுந்தது.

பெங்களூரிலிருந்து கேசவமூர்த்தி சாரும் வந்தார், அதே குடையோடு. "நம் அணியின் முன்னாள் வீரர் அவர்களுக்கு" என்று நான்தான் அழைப்பு எழுதினேன். படம் எடுப்பதற்குப் போட்டோக்காரர் இரண்டு பெரிய விளக்குகளை நிறுத்தி நாற்காலிகளைப் போட்டார். கேசவமூர்த்தி சார் நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பாதான் குனிந்து, "சார், மன்னிக்கணும். இந்தப் படத்தப் பாத்து நாளைக்கு வேற ஊர்க்காரங்க நடுவுல இருக்கறவருக்கு லெட்டர் எழுதுவாங்க" என்றார். சார் ஒரு கணம் யோசித்தார். "ஆமாங்க, ரொம்ப ஆபத்து" என்று சொல்லி எழுந்து, ஆண்டி அண்ணனின் கையைப் பிடித்து அங்கே உட்கார வைத்து, கோப்பையையும் கொடுத்தார். அவருக்குப் பின்னால் குடையை ஊன்றி நின்றுகொண்டார்.

ஆண்டி அண்ணன் வெட்கப்பட்டுக் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "கால முன்னால நீட்டு தம்பி. அதுக்குத்தான் படம்" என்றார் அப்பா. அப்பா ஓரமாக நிற்கப் போனார். உன் அண்ணன் அவரை இழுத்து நடு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். நம் இருவருக்கும் படத்தில் இடமில்லை. ஆனால் ஆண்டி அண்ணனின் சட்டைப் பையில் விதிப் புத்தகத்தையும், அதற்குள் நீ மேல் ஆணியைப் பற்றி எழுதிய கடிதத்தையும் மடித்து வைத்துவிட்டேன். பை கொஞ்சம் புடைத்திருக்கும். படம் வந்ததும் பார்த்துக்கொள்.

இப்போது மணி ஏழு. கேசவமூர்த்தி சார் பஸ்ஸுக்குப் போய்விட்டார். போட்டோக்காரர் ஒரு விளக்கை அணைத்துவிட்டார், இன்னொன்றின் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். "முடிஞ்சுதா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்கிறார். முடிந்தது என்று சொல்லிவிட்டேன். விளக்கு அணைந்துவிட்டது.